சிவனம்மாள் எழுப்பிய சுவர்கள்

அகரத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், போன ஆடி மாதம் முழுக்க ஒரு வீட்டு வாசலில் ஆள் நின்றுகொண்டே இருந்தது. சாவும் இல்லை, சடங்கும் இல்லை. சிவனம்மாள் தன் வாசலில் கோலமாவால் இரண்டு அறைகள் போட்டு வைத்திருந்தாள், அதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். பத்தடிக்குப் பத்தடி ஓர் அறை, எட்டடிக்குப் பத்தடி இன்னோர் அறை, கதவு திறக்கும் இடத்தில் கோட்டில் ஒரு வெட்டு, ஜன்னலுக்கு இரட்டைக் கோடு. காற்றடித்துக் கலைந்தால் மறுநாள் காலையில் நூல் பிடித்து மறுபடி போட்டாள். அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலும் மக்கர். ஆனாலும் கோடு ஓர் அங்குலம் கோணவில்லை.

திண்டுக்கல் டவுனில் அவளும் அவள் கணவர் பொம்மையனும் குடிபோகவிருந்த வாடகை வீட்டின் அளவு அது. ஒரே மகள் மணிமேகலை, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், தன் தெருவிலேயே தரைத்தளத்தில் அந்த வீட்டைப் பிடித்திருந்தாள். அவள் குடியிருப்பதோ இரண்டாவது மாடி. அம்மாவால் அத்தனை படி ஏற முடியாது. அகரத்து வீட்டில் மாடி ஏறி ஒரு வருஷம் ஆகிவிட்டது. பொம்மையனுக்கு எழுபத்து மூன்று, ஒரு கால் முப்பது வருஷமாகவே விந்தல். போன மார்கழியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, தூக்கிவிட ஆளில்லாமல் முக்கால் மணி நேரம் கிடந்த பிறகு, மணிமேகலை கேட்பதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். வீட்டை விற்றுவிட்டு டவுனுக்கு வந்துவிட வேண்டியதுதான் என்று முடிவாயிற்று.

அம்மா அழுவாள், தூணைப் பிடித்துக்கொள்வாள் என்று மணிமேகலை ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்து பார்த்தால், அம்மா கோலமாவு டப்பாவோடு வாசலில் நிற்கிறாள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்ப்பது கட்டட வேலையில் வழக்கம். வாழ்நாளெல்லாம் கட்டட வேலை பார்த்தவளுக்கு வீட்டைச் சுருக்குவதற்கும் அதே வழிதான் தெரிந்தது.

"இந்தக் கோட்டுக்குள்ள அடங்குறது நம்மளோட வரும். அடங்காதது கேக்குற வீட்டுக்குப் போகும். அம்புட்டுத்தான் கணக்கு" என்றாள்.

ஒவ்வொரு சாமானும் வெளியே வந்து கோட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது. இரண்டு கட்டில் அடங்கின. மிக்சி, அடுப்பு, ஒரு பெஞ்சு அடங்கின. பொம்மையன் ஆசைப்பட்டு வாங்கிய இரும்பு பீரோ மட்டும் கோட்டைத் தாண்டி ஒரு சாண் துருத்திக்கொண்டு நின்றது.

"கோட்டச் செத்த தள்ளிப் போடு புள்ள" என்றார் பொம்மையன்.

"கோட்டத் தள்ளலாம். அங்க சுவரு நிக்கிதே, அதத் தள்ளுவீகளா?"

பீரோ எதிர் வரிசையில் ஒரு வீட்டுக்குப் போயிற்று. ஆட்டுக்கல் போயிற்று. குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாத ஊரில் சேர்ந்துபோன முப்பத்திரண்டு குடங்களில் ஆறு போக மீதியெல்லாம் எதிர்வீட்டு நர்கீஸிடம் போயின. தான் பத்தாவது வரை உட்கார்ந்து படித்த சின்ன மேசை கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டபோது மணிமேகலைக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

"அழுறதுன்னா அங்கிட்டுத் தள்ளி நின்னு அழுடி. கோலம் அழியுது" என்றாள் சிவனம்மாள்.

அந்த வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். இவர்கள் கல்யாணத்தை ஒரு நாளில் பண்ணிவிட்டு வீட்டைப் பதினேழு வருஷம் கட்டினார்கள். பொம்மையன் கொத்தனார், சிவனம்மாள் சித்தாள். வார நாட்களில் ஊரார் வீட்டுக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டுக்கு. சாமான்களெல்லாம் ஊரார் வீட்டில் மிஞ்சியவை. முன்னறைத் தரையில் டவுன் டாக்டர் வீட்டு மொசைக், நடு அறையில் சிவப்புச் சிமென்ட், பின்னறையில் பழனி லாட்ஜ் ஒன்றில் மிஞ்சிய நாலு நிறக் கடப்பாக்கல். ஜன்னல்கள் இடித்த மாவு மில்லிலிருந்து வந்தவை, எதுவும் எதற்கும் ஜோடியில்லை. மணிமேகலையோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணொருத்தி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "என்னடி, உங்க வீட்டுல அஞ்சு வீடு இருக்கு!" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு மணிமேகலை தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. அந்த வெட்கம் வயதோடு போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

சிவனம்மாள் பிறந்தது நத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஐந்தாவது வரை படிப்பு. அப்புறம் புளி உடைக்கப் போனாள். பதினேழு வயதில் கட்டட வேலைக்கு வந்து தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி தூக்கினாள். கொத்தனார்கள் வேலை செய்வதைப் பார்த்தே வேலை கற்றவள். எந்தச் சுவர் எங்கே பிசகியிருக்கிறது என்று கீழே நின்றபடியே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் பிசகு தெரிந்து என்ன புண்ணியம்? சட்டி தூக்கும் கைக்குக் கரண்டி தரமாட்டார்கள். சாந்து எடுத்துப் பூசுகிற கரண்டியைச் சொல்கிறேன். நாற்பது வருஷம் வேலைக்குப் போனாலும் சித்தாள் சித்தாள்தான், கொத்தனாராக ஆவது ஆம்பிள்ளைகள்தான். ஊர் உலகத்தில் இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது, யாரும் வெட்கப்படுவதாகவும் தெரியவில்லை.

மணிமேகலைக்குப் பதினொரு வயதானபோது பொம்மையன் டவுனில் ஒரு கல்யாண மண்டபக் கட்டடத்தில் சாரம் சரிந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்து நாலு மாதம் கட்டில். அப்போது அகரத்தில் முன்னறையும் நடு அறையும் மட்டும் முடிந்திருந்தன. பின்னறைக்கு அஸ்திவாரம் மட்டத்தோடு நின்றது. பதினோரு மூட்டை சிமென்ட் வாங்கி அடுக்கியாகிவிட்டது. ஐப்பசி மழை பிடித்தால் அத்தனையும் கல்லாக இறுகிவிடும். சிவனம்மாள் இரண்டு நாள் மூட்டைகளைப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் கணவரின் பையிலிருந்து கரண்டியை எடுத்தாள்.

கட்டிலில் கிடந்தபடியே பொம்மையன் கத்தினார்: "நூலப் பிடி! மட்டம் பாரு! சாந்து கனமா வைக்காத!" முதல் நாள் முழுக்கக் கத்தினார், இரண்டாம் நாளும் கத்தினார். மூன்றாம் நாள் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சத்தமில்லை. அந்தச் சுவருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தவள் மணிமேகலை. அம்மாவுக்கு அவள்தான் சித்தாள். கூரைக் காங்கிரீட் போட்ட அன்று மட்டும் வெளியாட்கள் வந்தார்கள்.

கால் சேர்ந்த பிறகு பொம்மையன் உயரம் ஏறவில்லை. பின்னறைக்குப் பிறகு அடுப்படி, மாடிப்படி, மாடியறை என்று ஒன்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எழும்பியதெல்லாம் சிவனம்மாள் கை வேலை. ஞாயிற்றுக்கிழமை கொத்தனார், திங்கட்கிழமை விடிந்தால் சித்தாள். ஊரில் எவனும் அவளைக் கொத்தனார் வேலைக்குக் கூப்பிடவில்லை. இந்த ஒரு வீட்டில்தான் அவள் கையில் கரண்டி இருந்தது.

அவள் கட்டுவதைக் கண்ணால் பார்த்த தெருவும், அவர் சொல்லச் சொல்ல அவள் செய்கிறாள் என்றுதான் பேசியது. "கட்டில்ல படுத்துக்கிட்டே வீட்ட முடிச்சுட்டான்யா பொம்மையன்! கில்லாடி!" என்றார்கள். பொம்மையன் சிரித்துக்கொண்டே பீடியைப் பற்றவைப்பார், ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். நல்ல மனிதர்தான், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சிவனம்மாளும் கேட்டதில்லை. "எவன் பேரச் சொன்னா என்ன, மழைக்கு ஒழுகாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அதிலெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் மகள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் ஒரு தப்பும் செய்தாள்.

வீட்டை வாங்க வந்தவர் ஒட்டன்சத்திரத்து ஈஸ்வரன். காய்கறி மொத்த வியாபாரம். அவருக்கு வேண்டியது ரோட்டுக்குப் பக்கமாக ஒரு வெங்காயக் குடோன். வீட்டை இடித்துவிட்டுக் கட்டப்போகிறார், அதை முதல் நாளே நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஆவணிக்குள் பூமிபூஜை போட வேண்டும், புரட்டாசி பிறந்தால் ஆகாது என்பது அவர் அவசரம். தரகர் பொன்னழகு மணிமேகலையைத் தனியாகக் கூப்பிட்டு யோசனை சொன்னார்.

"வீடுன்னு எழுதுனா ஆளு வந்து அளக்கணும், மதிப்புப் போடணும், பத்திரம் கைக்கு வர நாளாகும்மா. காலி மனைன்னு எழுதிருவோம். எப்படியும் இடிக்கப்போற வீடுதான? ஊரு ஒலகத்துல எல்லாரும் செய்றதுதான்."

மணிமேகலை சரி என்றாள். அம்மாவிடம் சொல்லத் தோன்றவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். ஐந்து அறை வீட்டை ஒரே வரியில் மறைக்கத் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

ஆவணி இரண்டாம் வாரம், பத்திர எழுத்தர் ரோஸ்மேரியின் அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்மேரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரைவை வாசித்தாள். பெயர்கள், வயது, பட்டா எண், நான்கு எல்லைகள். "மேற்படி எல்லைகளுக்கு உட்பட்ட மூன்று சென்ட் காலி மனை…"

"இரு தாயி" என்றாள் சிவனம்மாள். "அந்த வரியத் திரும்ப வாசி."

ரோஸ்மேரி வாசித்தாள்.

"அதக் குடு." காகிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஐந்தாவது படித்த வேகத்தில், எழுத்துக் கூட்டி அவளே ஒருமுறை வாசித்தாள். "காலி மனை. அப்ப நான் முப்பத்தொம்பது வருசமா வெட்டவெளியிலயா குடியிருந்தேன்?"

பொன்னழகு சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அது சும்மா எழுத்துக்குத்தான்க்கா. உங்களுக்குக் காசு ஒண்ணும் கொறையாது."

"எழுத்துக்குத்தான நானும் கேக்குறேன். யாரு சொன்னா இப்பிடி எழுதச் சொல்லி?"

மணிமேகலை தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாம்மா" என்றாள்.

சிவனம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மகளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா தன் கையைப் பார்ப்பதை மணிமேகலை பார்த்தாள். இந்தக் கைக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தவள் நீதானே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததே மகளுக்கு உறைத்தது.

"ஏனுங்கம்மா" என்றார் ஈஸ்வரன், மரியாதையாகத்தான். "எனக்கு வீடு வேண்டாமுங்க, இடந்தானுங்க வேணும். இடிக்கிறதுக்கு மெஷினுக்கே சொல்லி வெச்சாச்சுங்க."

"இடிங்க சாமி. தாராளமா இடிங்க. நான் இடிக்காத வீடா? கட்டுறதுக்கு முன்னால எத்தன வீட்ட இடிச்சுக் கொட்டியிருக்கேன்! அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா, இடிக்கிறதுக்கு அங்க ஒரு வீடு நின்னுச்சுன்னு எழுதணும். எழுதுனா கையெழுத்துப் போடுறேன். இல்லாட்டி நாலாம் நம்பர் பஸ் இப்ப வரும், நான் பாட்டுக்கு ஏறிப் போறேன்."

பொன்னழகு ஈஸ்வரன் பக்கம் குனிந்தார். "அண்ணன் கையால கட்டுன வீடுங்க, அதான் அக்காவுக்கு மனசு கேக்கல."

சிவனம்மாள் திரும்பித் தன் கணவரைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. பொம்மையன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் மணிமேகலைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவுக்கு வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஒழுகாமல் இருந்தால் சரி என்றதெல்லாம் வலிக்கு மேல் பூசிய பூச்சு.

வியாபாரம் முறிந்தால் டவுன் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் போகும், அப்பா மறுபடி எப்போது விழுவாரோ என்று வேறு பயம். இருந்தும் மணிமேகலை எழுந்து நின்றாள்.

"அம்மா சொல்ற மாதிரி எழுதுங்க. அதுக்கு ஆகுற செலவு எங்களோடது. முடியாதுன்னா நாங்க வேற ஆளுக்குக் குடுத்துக்கிறோம்" என்றாள்.

ஈஸ்வரன் தாடையைத் தடவினார். "ஆவணி முடியறதுக்குள்ள அளந்து முடிச்சுக் குடுத்தீங்கன்னா எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"வீடுன்னு எழுதணும்னா அளவு வேணுமே" என்றாள் ரோஸ்மேரி. "பிளான் ஏதாச்சும் இருக்கா?"

பிளானாவது ஒன்றாவது. சிவனம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எழுதிக்க தாயி. முன்னறை பத்துக்குப் பன்னெண்டு. நடு அறை பத்துக்குப் பத்தரை. பின்னறை ஒம்பதே முக்காலுக்குப் பதினொண்ணு, ஒசரம் பத்தடி ரெண்டு அங்குலம். அடுப்படி ஏழுக்கு எட்டேகால், மேடை ரெண்டே முக்கால் ஒசரம். மாடிப்படி பதினெட்டு, ஒரு படி ஏழு அங்குலம். எல்லாம் ஏழுதான், கூடக் கொறைய இருக்காது…"

ரோஸ்மேரி தட்டச்சு செய்து முடிக்கும் வரை அவள் ஓர் இடத்தில் கூட நின்று யோசிக்கவில்லை. ஈஸ்வரன் வெங்காய மூட்டையைக் கண்ணால் நிறுத்துப் பழகிய மனிதர். அவருக்கே வாய் பிளந்துவிட்டது.

மறு திங்கட்கிழமை பதிவு முடிந்தது. கட்டடத்தை ஆள் வந்து அளந்துவிட்டுப் போனால் பத்திரம் கைக்கு வந்துவிடும். அளக்க வருகிற வியாழக்கிழமையே காலி செய்துவிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். நடுவில் அந்த மூன்று நாளும் பொம்மையன் சரியாகச் சாப்பிடவில்லை. வெஞ்சனத்தை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் பிசைந்துகொண்டிருந்தார். கேட்டால் பல்லு வலி என்றார். இருப்பதே ஆறு பல்.

வியாழக்கிழமை காலையில் கடைசிச் சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. அவர்கள் மூன்று பேரும் போவதற்கு ஒரு ஆட்டோ வாசலில் நின்றது. அளக்க வந்தவர் முப்பது வயதுக்காரர், வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை போட்டிருந்தார். டேப்பின் ஒரு முனையை மணிமேகலை பிடித்தாள். காலி வீட்டில் ஒவ்வொரு அளவும் எதிரொலித்தது. பத்து, பன்னிரண்டு. சரி. ஒன்பதே முக்கால், பதினொன்று. சரி. பத்திரத்தில் இருந்ததற்கும் டேப்பில் வந்ததற்கும் அடுப்படியில் மட்டும் கால் அங்குலம் வித்தியாசம்.

"அது பூச்சுக் கனம் சார். ரெண்டு தடவ பூசுனது" என்றாள் சிவனம்மாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அவர் பின்னறைச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். "ஒரு வெடிப்புக் கூட இல்லையே. இப்பல்லாம் ரெண்டு வருசத்துலயே பிளந்துருது. பெரியவரே, நீங்கதான் கொத்தனாரா? உங்க வேலையா?"

பொம்மையன் வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமும் ஒரு சிரிப்புதான் பதில். சிவனம்மாள் எழுந்திருக்கச் சுவரில் கை ஊன்றினாள். வேறு எங்கோ பார்த்தாள்.

"முன்னால ரெண்டு ரூம்புதான் என் வேலை சார்" என்றார் பொம்மையன். "இங்கிட்டு உள்ளதெல்லாம், மாடியும் சேத்து, இவ கட்டுனது."

அதிகாரி சிரித்தார். "அம்மா கலவை போட்டுக் குடுத்திருப்பாங்க."

பொம்மையனுக்குக் கோபம் வந்து மகள் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தாள். "கலவை போட்டது இல்ல சார்! கட்டுனது! நான் காலொடிஞ்சு கிடந்தேன், இவதான் கட்டுனா. ஏத்தா மணி, ஆட்டோவுல என் பை இருக்கு, தூக்குக்குண்ட எடுத்தா!"

மணிமேகலை ஓடிப்போய் நூலில் கட்டிய இரும்புக் குண்டை எடுத்து வந்தாள். நடு அறைச் சுவரும் பின்னறைச் சுவரும் ஒட்டுகிற இடத்துக்கு அதிகாரியைக் கையைப் பிடித்தே இழுத்துப் போனார் பொம்மையன். முதலில் தன் சுவரில் குண்டைத் தொங்கவிட்டார். மேலே நூல் கோத்த கட்டை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க, கீழே குண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. "இது நான் எழுப்புனது." அப்புறம் ஓர் எட்டுத் தள்ளிப் போய் அடுத்த சுவரில் விட்டார். குண்டு ஆடி நின்றது. சுவரை ஒட்டி, இடிக்காமல், தள்ளாமல் நின்றது. "இது இவ எழுப்புனது. இப்பச் சொல்லுங்க, யாரு கொத்தனாரு?"

அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் ஏதும் சொல்வதற்கு முன் சிவனம்மாள் முந்திக்கொண்டாள்.

"அந்தச் சுவரு எழுப்புன அன்னைக்கு அவருக்குக் காச்சல் சார். காச்சலோட கட்டுனாரு."

"காச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் பொம்மையன். "எனக்கு அம்புட்டுத்தான் வரும்."

அதிகாரி தலையிலிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, "ரொம்ப நல்லாக் கட்டியிருக்கீங்கம்மா" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவருடைய படிவத்தில் கட்டியவர் பெயருக்கு இடமில்லை. நீளம், அகலம், கூரை, தரை, அவ்வளவுதான். எழுதிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மணிமேகலை பின்னறையில் அந்த நாலு நிறக் கடப்பாக்கல்லில் நின்றாள். இந்த வீட்டுக்காக அன்றைக்கு வெட்கப்பட்ட தன்னையே இழுத்து ஓர் அறை விடலாம் போலிருந்தது. என் அம்மா கட்டிய வீடு என்று தெருவில் போகிற பஸ்ஸை நிறுத்திச் சொல்ல வேண்டும் போல அத்தனை பெருமை நெஞ்சை முட்டியது. நாளைக்கு மெஷின் வந்து இடிக்கட்டும். முப்பத்தொன்பது வருஷம் நின்ற வீடு என்று பத்திரத்தில் இருக்கிறது. யார் கட்டியது என்பது அப்பா வாயாலேயே வந்துவிட்டது.

அம்மாவைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள். பொம்மையனைக் காணோம். பார்த்தால், எதிர்வீட்டு வாசலில் விந்தி விந்தி ஏறிக்கொண்டிருக்கிறார். ஊரை விட்டுப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வது வழக்கம்தான். நேற்றே எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இது என்ன இரண்டாம் சுற்று என்று மணிமேகலை காதைக் கொடுத்தாள்.

"நர்கீஸம்மா, போயிட்டு வாரோம்" என்றது அப்பாவின் குரல், தெருவுக்கே கேட்கும்படியாக. "நேத்து ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. அந்த வீட்டுல பின்னால மூணு ரூம்பும் மாடிப்படியும் நான் கட்டுனது இல்ல. சிவனம்மா கட்டுனது. தெரிஞ்சுக்கங்க."

"ஆத்தாடி! நெசமாவாண்ணே?" என்று, வீடு முடிந்த பிறகு தெருவுக்குக் குடிவந்த நர்கீஸ் வெளியே வந்து ஆட்டோவைப் பார்த்தாள். அதற்குள் அவர் அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். அங்கேயும் அதே வார்த்தை, அதே சத்தம். அதற்கடுத்த வீட்டில் பீரோவை வாங்கிக்கொண்டவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிச் சொன்னார்.

சிவனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இந்த மனுசனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "ஐயாவக் கூப்பிடவாம்மா, கெளம்பலாமா?" என்று கேட்டார்.

"செத்த இருங்க தம்பி" என்றாள் சிவனம்மாள். "அந்த வரிசையில இன்னும் நாலு வீடு இருக்கு."